விஎம்வேர் லைஃப்சைக்கிள் மேனேஜர் ரிவ்யூ: பேட்ச் ஏறப் பத்து நிமிடம், ஹோஸ்ட்டைக் காலி செய்வதுதான் பாடு

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) ஆயிரக்கணக்கான ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டுகளைப் பூட்டிப் போட்டது. ஈஎஸ்எக்ஸ்ஐ என்பது ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் விஎம்வேர் மென்பொருள். அது ஓடும் சர்வர்தான் ஹோஸ்ட். அதன் ஓபன்எஸ்எல்பி என்ற நெட்வொர்க் சேவையில் இருந்த, சிவிஇ-2021-21974 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டை வழியாக, 427-ம் போர்ட்டில் நுழைகிறது என்று அப்போது எச்சரிக்கை வந்தது. அந்த ஓட்டைக்கான பேட்ச் 2021 பிப்ரவரி 23 அன்றே வெளியாகியிருந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் பேட்ச் கிடைத்தும் போடாமல் கிடந்த ஹோஸ்ட்டுகள்தான் மாட்டின. இதை வெறும் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. பேட்ச் ஏறுவதற்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன் அந்த ஹோஸ்ட்டில் ஓடும் முப்பது நாற்பது விஎம்-களை, ஒன்றும் நிற்காமல், பக்கத்து ஹோஸ்ட்டுகளுக்கு நகர்த்த வேண்டும். அங்கே இடம் இருக்க வேண்டும். நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் இரண்டு மூன்று விஎம்-களுக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடிப் பிடித்து அனுமதி வாங்க வேண்டும். மாதக்கணக்கில் தள்ளிப்போவது இந்த வேலைதான்.

விஎம்வேரின் விஸ்பியர் தொகுப்பில் ஹோஸ்ட்டுகளுக்குப் பேட்ச் போடும் கருவி விஸ்பியர் லைஃப்சைக்கிள் மேனேஜர், சுருக்கமாக விஎல்சிஎம். இந்த வேலையில் எவ்வளவைத் தன் தோளில் வாங்கிக்கொள்கிறது என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும். இது பழைய அப்டேட் மேனேஜரின் வாரிசு. ஒரு காலத்தில் அப்டேட் மேனேஜருக்கென்றே தனியாக ஒரு விண்டோஸ் சர்வர் வைக்க வேண்டியிருந்தது. விஸ்பியர் 6.5-ல் அது, ஹோஸ்ட்டுகளை எல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டர் அப்ளையன்ஸுக்குள்ளேயே வந்தது. 2020 ஏப்ரலில் 7.0 வந்தபோது பெயரும் மாறி, வேலை செய்யும் முறையும் பாதி மாறியது. இங்கே சொல்வதெல்லாம் 8.0 அப்டேட் 3-ஐ வைத்து. 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ல் முடிந்துவிட்டது. 8-க்கு 2027 அக்டோபர் 11 வரை இருக்கிறது.

பேஸ்லைனா, இமேஜா

பழைய முறை பேஸ்லைன்: இந்தப் பேட்ச்சுகள் ஹோஸ்ட்டில் இருக்கின்றனவா என்று ஒரு பட்டியலை வைத்துச் சரிபார்ப்பது. இல்லாததைப் போடும். கூடுதலாக என்ன இருக்கிறது என்று பார்க்காது. அதனால் மூன்று வருடம் ஓடிய கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் ஹோஸ்ட்டுகளின் குழுவில்) நாலு ஹோஸ்ட்டும் "கம்ப்ளையன்ட்" என்று பச்சையாகக் காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் நெட்வொர்க் கார்டு டிரைவர் மட்டும் நாலு பதிப்பில் இருக்கும்.

இமேஜ் முறையில் கிளஸ்டர் முழுமைக்கும் ஒரே வரையறை. அடியில் ஈஎஸ்எக்ஸ்ஐ-யின் அடிப்படை இமேஜ், அதன் மேல் சர்வர் தயாரிப்பாளரின் ஆட்-ஆன், வேண்டுமென்றால் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஆட்-ஆன், கடைசியாக நாமே தேர்ந்து சேர்க்கும் காம்பொனென்ட்டுகள். ஒரே டிரைவர் இரண்டு அடுக்கில் இருந்தால் மேலடுக்கில் இருப்பது செல்லும்: தயாரிப்பாளர் ஆட்-ஆன் அடிப்படை இமேஜை மிஞ்சும், நாம் கையால் சேர்த்தது எல்லாவற்றையும் மிஞ்சும். ஹோஸ்ட்டில் என்ன இருக்க வேண்டுமோ அது மட்டுமே இருக்கும்.

அந்த "மட்டுமே"-யில்தான் முதல் பொறி. யாரோ எப்போதோ கமாண்ட் லைனில் போட்ட ஸ்டோரேஜ் மல்ட்டிபாத் பிளகின் (ஸ்டோரேஜுக்குப் போகும் பல பாதைகளைக் கவனிப்பது), ஜிபியு டிரைவர், பேக்கப் மென்பொருளின் ஃபில்டர் ஆகியவை இமேஜில் இல்லையென்றால், ரெமிடியேட் (ஹோஸ்ட்டை இமேஜுக்கு ஏற்ப மாற்றுவது) செய்யும்போது கழற்றி வீசப்படும். விஎல்சிஎம் இதை ஒளித்துச் செய்வதில்லை. கம்ப்ளையன்ஸ் சோதனையின் முடிவில், ஹோஸ்ட் வாரியாக, "இமேஜில் இல்லாத இந்த விப்-கள் நீக்கப்படும்" என்று எச்சரிக்கும். விப் என்பது ஈஎஸ்எக்ஸ்ஐ-யில் நிறுவும் மென்பொருள் பொதி. பிரச்சினை, அந்த எச்சரிக்கை நீளமான பட்டியலாக வரும். அதில் பாதி பயன்படாத பழைய டிரைவர்கள். கண் பழகிப்போய், முக்கியமான ஒன்றைத் தாண்டிவிடும். ஸ்டோரேஜ் பிளகின் போன ஹோஸ்ட் ரீபூட் ஆகி எழும்போது டேட்டாஸ்டோர் (விஎம் கோப்புகள் இருக்கும் ஸ்டோரேஜ்) தெரியும், ஆனால் பாதைகள் எல்லாம் இயல்புநிலை பாலிசிக்கு மாறியிருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டோரேஜ் கன்ட்ரோலரில் ஃபெயில்ஓவர் நடக்கும் நாளில் தெரியும். ஆகவே இமேஜுக்கு மாறும் முன் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் விப் பட்டியலை எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேண்டியதைக் காம்பொனென்ட்டாக இறக்குமதி செய்து இமேஜில் சேர்த்துவிட வேண்டும். ஹெச்ஏ (ஒரு ஹோஸ்ட் செத்தால் அதன் விஎம்-களை வேறு ஹோஸ்ட்டில் எழுப்பும் வசதி) ஏஜென்ட், என்எஸ்எக்ஸ் (மெய்நிகர் நெட்வொர்க் மென்பொருள்) போன்றவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை தாமாகவே இமேஜோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது: இது ஒருவழிப் பாதை. கிளஸ்டரை இமேஜுக்கு மாற்றிவிட்டால் பேஸ்லைனுக்குத் திரும்ப முடியாது. வேண்டாமென்றால் புதுக் கிளஸ்டர் உருவாக்கி ஹோஸ்ட்டுகளை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோக வேண்டும். மூன்றாவது, இமேஜில் உள்ளதைவிடப் புதிய பதிப்பு ஹோஸ்ட்டில் ஏற்கெனவே இருந்தால் "இன்கம்பாட்டிபிள்" என்று நின்றுவிடும். கீழே இறக்கித் தராது.

இத்தனை சொன்ன பிறகும் தீர்ப்பு இமேஜுக்குத்தான். ஒரு காரணம் போதும். இமேஜை ஐஎஸ்ஓ-வாக ஏற்றுமதி செய்யலாம். மதர்போர்டு செத்து வேறு சர்வர் வந்தால், அந்த ஐஎஸ்ஓ-வில் இன்ஸ்டால் செய்த ஹோஸ்ட் கிளஸ்டரில் சேரும்போதே மற்ற ஹோஸ்ட்டுகளின் மறுபதிப்பாக இருக்கும். ஜேசன் கோப்பாக எடுத்து இன்னொரு விசென்டரில் ஏற்றலாம். 8.0 அப்டேட் 3-ல் வந்த ஒரு சின்ன வசதியும் நல்லது: தயாரிப்பாளர் ஆட்-ஆனில் நமக்கு வேண்டாத காம்பொனென்ட்டைத் தனியாக விலக்கிவிடலாம். முன்பு அது முடியாமல் பலர் தவித்தார்கள்.

டெப்போவும் டோக்கனும்

பேட்ச்சுகள் இறங்கி வரும் இடம் டெப்போ. விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கிய பிறகு இந்தப் பகுதி மாறியது. பழைய பதிவிறக்க முகவரிகள் 2025 ஏப்ரலில் மூடப்பட்டன. இப்போது பிராட்காம் போர்ட்டலில் நுழைந்து, நம் வாடிக்கையாளர் கணக்குக்கான டோக்கன் ஒன்றை உருவாக்கி, அதைப் பதிவிறக்க முகவரிக்குள்ளேயே நுழைத்துத் தர வேண்டும். லைஃப்சைக்கிள் மேனேஜரின் செட்டிங்ஸில் பேட்ச் செட்டப் என்ற இடத்தில் நாலு பழைய முகவரிகள் இருக்கும். நான்கையும் மாற்ற வேண்டும். ஃபயர்வாலில் பழைய முகவரிக்கு மட்டும் வழி விட்டிருந்தால் புதியதற்கும் திறக்க வேண்டும்.

இதில் மோசம் என்னவென்றால், மாற்றாமல் விட்டால் பெரிதாக எதுவும் அலறாது. ஒத்திசைவு வேலை மட்டும் தோற்கும். கம்ப்ளையன்ஸ் பக்கம் பழைய டெப்போவோடு ஒப்பிட்டுப் பச்சையாகவே நிற்கும். பச்சையைப் பார்த்து நிம்மதியாக இருக்கும் இடங்கள் கடைசியாக எப்போது புதுப் பேட்ச் பட்டியலில் வந்தது என்று தேதியைப் பார்ப்பது நல்லது.

இணையம் இல்லாத இடங்களில் யுஎம்டிஎஸ் என்ற தனிப் பதிவிறக்கச் சேவையை ஒரு லினக்ஸ் மெஷினில் வைக்கலாம். நாலைந்து ஹோஸ்ட் மட்டும் இருந்தால் அதெல்லாம் வேண்டாம். போர்ட்டலில் ஆஃப்லைன் பண்டில் ஜிப் கோப்பை இறக்கி, "இம்போர்ட் அப்டேட்ஸ்" வழியாக ஏற்றினால் போதும். தயாரிப்பாளர் ஆட்-ஆன் ஜிப்பையும் அதே வழியில் ஏற்ற மறக்கக் கூடாது. ஈஎஸ்எக்ஸ்ஐ பேட்ச்சுகள் திரண்டு வருபவை என்பதால் இடையில் தவறவிட்ட ஆறேழையும் தேடிப் போட வேண்டியதில்லை. கடைசியானது ஒன்றே போதும்.

முதலில் விசென்டர்

விஎல்சிஎம் விசென்டருக்குப் பேட்ச் போடாது. அதை வழக்கமாக 5480-ம் போர்ட்டில் இருக்கும் அப்ளையன்ஸ் நிர்வாகப் பக்கத்தில் தனியாகச் செய்ய வேண்டும், அதுவும் ஹோஸ்ட்டுகளுக்கு முன்பே. இங்கே அடிக்கடி இடறுவது இரண்டு. ரூட் பாஸ்வேர்டு 90 நாளில் காலாவதியாகும் என்பதை மறந்திருப்பார்கள், அப்டேட் பாதியில் நிற்கும். அல்லது லாக் பகிர்வு நிரம்பியிருக்கும். இரண்டையும் முதலிலேயே பார்த்துவிட்டு, கோப்பு வகை பேக்கப் எடுத்துவிட்டு, ஸ்னாப்ஷாட்டும் எடுக்க வேண்டும். பல விசென்டர்கள் இணைப்பில் இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து ஒரே நேரத்தில் ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் பின்னுக்கு இழுத்தால் மற்றவற்றோடு பொருந்தாது.

7-லிருந்து 8-க்கு இன்னும் போகாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 7-ன் கடைசிப் பேட்ச்சுகள் 8-ன் ஆரம்பப் பதிப்புகளுக்குப் பின்னால் வெளிவந்தவை. புதிய 7-லிருந்து அதைவிடப் பழைய 8-க்குப் போக முடியாது. கையில் எப்போதோ இறக்கி வைத்த 8.0 ஐஎஸ்ஓ இருக்கிறதென்று அதை எடுத்தால் நடக்காது.

ஹோஸ்ட்டைக் காலி செய்தல்

இப்போது விஷயத்துக்கு வருவோம். "ரெமிடியேட்" அழுத்தியதும் விஎல்சிஎம் ஒரு ஹோஸ்ட்டை மெயின்டனன்ஸ் மோடுக்கு, அதாவது விஎம் எதுவும் ஓடாத பராமரிப்பு நிலைக்கு, போகச் சொல்லும். அதில் ஓடும் விஎம்-களை நகர்த்துவது, ஹோஸ்ட்டுகளிடையே சுமையைப் பங்கிடும் டிஆர்எஸ் என்ற வசதி. டிஆர்எஸ் "ஃபுல்லி ஆட்டோமேட்டட்" நிலையில் இருந்தால்தான் கை வைக்காமல் நடக்கும். விஸ்பியர் ஸ்டாண்டர்ட் லைசென்ஸில் டிஆர்எஸ் கிடையாது. அதாவது ஸ்டாண்டர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவியின் பாதிப் பலன் இல்லை. அவர்கள் விஎம்-களைக் கையால் விமோஷன் (ஓடும் விஎம்-மை நிறுத்தாமல் நகர்த்துவது) செய்து, ஹோஸ்ட்டைத் தாங்களே மெயின்டனன்ஸ் மோடில் போட்டுவிட்டு, பிறகு அந்த ஒரு ஹோஸ்ட்டை ரெமிடியேட் செய்ய வேண்டும்.

டிஆர்எஸ் இருந்தாலும் இடம் வேண்டும். தலா 512 ஜிபி மெமரி உள்ள நாலு ஹோஸ்ட், விஎம்-கள் மொத்தம் 1,400 ஜிபி எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை எடுத்துவிட்டால் மூன்றில் 1,536 ஜிபி. அடங்கும், ஆனால் 91 சதவீதம். அந்த நேரத்தில் இன்னொரு ஹோஸ்ட் செத்தால் மிஞ்சுவது 1,024 ஜிபி. சில விஎம்-கள் எழவே எழாது. செட்டிங்ஸில் "ரெமிடியேஷன் முடியும்வரை ஹெச்ஏ அட்மிஷன் கன்ட்ரோலை நிறுத்து" என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறதே (அட்மிஷன் கன்ட்ரோல் என்பது ஒரு ஹோஸ்ட் செத்தாலும் விஎம்-கள் எழ இடம் ஒதுக்கிக் காப்பது), அதை டிக் செய்வது இந்த நிலையை ஏற்றுக்கொள்வதுதான். நாலு ஹோஸ்ட் கிளஸ்டரில் அதைத் தவிர்க்கப் பெரும்பாலும் முடியாது. ஆனால் தெரிந்தே செய்ய வேண்டும், மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும் இரவில் செய்யக் கூடாது.

அட்மிஷன் கன்ட்ரோல் கணக்கெடுப்பது ரிசர்வேஷனை (விஎம்-முக்கென்று உறுதியாக ஒதுக்கியதை), உண்மையான உபயோகத்தை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரிசர்வேஷனே இல்லாத கிளஸ்டர் நிரம்பி வழிந்தாலும் அது வாயைத் திறக்காது. டேட்டாபேஸ் விஎம்-களுக்கு முழு மெமரியையும் ரிசர்வ் செய்து வைத்த கிளஸ்டர் பாதி காலியாக இருந்தாலும் மறுக்கும்.

நெட்வொர்க் வேகமும் கணக்கில் வரும். ஒரு ஹோஸ்ட்டில் 400 ஜிபி மெமரி உபயோகத்தில் இருந்தால், 1 கிகாபிட் விமோஷன் இணைப்பில் எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 53 நிமிடம். 10 கிகாபிட்டில் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரே நேரத்தில் நகரக்கூடிய விஎம்-களின் எண்ணிக்கையும் 1 கிகாபிட்டில் 4, 10 கிகாபிட்டில் 8. நாலு ஹோஸ்ட்டுக்குப் போக வர என்று பெருக்கினால், 1 கிகாபிட் இடங்களில் ஒரு ராத்திரி பத்தாது.

இனி நகராத விஎம்-கள். ஸ்க்ரீனில் எப்படித் தெரியும் என்றால், மெயின்டனன்ஸ் மோடு வேலையின் சதவீதம் ஒரே இடத்தில் நிற்கும். பிழை எதுவும் வராது. ஹோஸ்ட்டின் விஎம் பட்டியலைத் திறந்தால் முப்பதில் இருபத்தெட்டு போயிருக்கும், இரண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்றைத் திறந்து எடிட் செட்டிங்ஸில் சிடி டிரைவைப் பார்த்தால், ஹோஸ்ட்டின் சொந்த வட்டிலுள்ள ஒரு ஐஎஸ்ஓ இன்னும் மாட்டியிருக்கும். என்றோ ஓஎஸ் போட்டவர் கழற்றாமல் போனது. டிக்கை எடுத்ததும் அது நகர்ந்துவிடும். இன்னொன்றில் விஎம்வேர் டூல்ஸ் இன்ஸ்டாலர் மவுன்ட் ஆன நிலையிலேயே இருக்கும். அதையும் "அன்மவுன்ட்" செய்தால் போதும். தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டுதான்.

மீதி கொஞ்சம் கடினமானவை. பிசிஐ பாஸ்த்ரூ கார்டு (ஹோஸ்ட்டின் வன்பொருள் கார்டை விஎம்-முக்கே நேரடியாகக் கொடுப்பது) பூட்டிய விஎம் நகரவே நகராது. நிறுத்தித்தான் ஆக வேண்டும். "இந்த ஹோஸ்ட்டில் மட்டுமே ஓட வேண்டும்" என்ற கட்டாய விதி போட்ட விஎம்-மும் அப்படியே. மென்பொருள் லைசென்ஸுக்காக அந்த விதியைப் போட்டிருப்பார்கள், கை வைக்கும் முன் விசாரிக்க வேண்டும். மூன்று ஹோஸ்ட் கிளஸ்டரில் மூன்று டொமைன் கன்ட்ரோலரையும் "ஒன்றாக இருக்கக் கூடாது" என்று பிரித்து வைத்திருந்தால், ஒரு ஹோஸ்ட் வெளியேறும்போது மூன்றாவதுக்குப் போக்கிடம் இல்லை. பேட்ச் போடும் நேரத்துக்கு விதியை நிறுத்தி வைத்துவிட்டு, முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். திரும்பப் போடுவதைத்தான் மறப்பார்கள்.

மோடுக்குள் போக முடியாவிட்டால் விஎல்சிஎம் 5 நிமிட இடைவெளியில் 3 முறை முயலும். பிறகு தோல்வி என்று அறிவித்து, கிளஸ்டரில் அடுத்த ஹோஸ்ட்டைத் தொடாமல் நின்றுவிடும். நிற்பது நல்ல குணம். ஆனால் ராத்திரி 11 மணிக்கு ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் முதல் ஹோஸ்ட்டிலேயே நின்று கிடக்கும். முன்னோட்டச் சோதனை ஒன்று இருக்கிறது, "ரன் ப்ரீ-செக்". அது இவற்றில் பலவற்றைப் பிடிக்கும், எல்லாவற்றையும் அல்ல. நம்பத்தக்க சோதனை ஒன்றே ஒன்றுதான்: பகலிலேயே ஒரு ஹோஸ்ட்டைக் கையால் மெயின்டனன்ஸ் மோடில் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுப்பது.

விசான் (ஹோஸ்ட்டுகளின் சொந்த வட்டுகளை ஒரே ஸ்டோரேஜாகச் சேர்ப்பது) இருந்தால் டேட்டாவையும் சேர்த்து யோசிக்க வேண்டும். "என்ஷ்யூர் அக்ஸசிபிலிட்டி" தேர்ந்தால் டேட்டா முழுதும் நகராது, சீக்கிரம் முடியும். ஆனால் அந்த ஹோஸ்ட் 60 நிமிடத்துக்கு மேல் திரும்பாவிட்டால் விசான் காணாமல் போன பிரதிகளை வேறிடத்தில் கட்ட ஆரம்பித்துவிடும். ஃபர்ம்வேரும் சேர்ந்து ஏறும் நாளில் 60 நிமிடம் எளிதாகத் தாண்டும். அடுத்த ஹோஸ்ட்டுக்குப் போகும் முன் ரீசிங்க் (பிரதிகளை மறுபடி ஒத்திசைப்பது) முழுதாக முடிந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும்.

குயிக் பூட், லைவ் பேட்ச்

குயிக் பூட் 2018-ல் 6.7-லேயே வந்தது. ரீபூட்டின்போது சர்வரின் வன்பொருள் சோதனையைத் தாண்டி, ஈஎஸ்எக்ஸ்ஐ மட்டும் மறுபடி எழும். மெமரி நிறைய உள்ள சர்வர்களில் அந்தச் சோதனைக்கே பத்து நிமிடத்துக்கு மேல் போகும் என்பதால் இது உண்மையான லாபம். சர்வர் மாடல் பொருந்த வேண்டும். ஃபர்ம்வேர் ஏறும்போது உதவாது.

லைவ் பேட்ச் 8.0 அப்டேட் 3-ல், 2024 ஜூனில் வந்தது. கேட்கும்போது பெரிதாகத் தோன்றும்: ஹோஸ்ட்டைக் காலி செய்யாமலே பேட்ச்! கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லை தெரியும். விஎம்-மை ஓட்டும் பகுதிக்கான திருத்தங்களுக்கு மட்டும் இது பொருந்தும். விஎம் ஒரு கணம் நின்று, புதிய பகுதியின் மேல் தொடரும். டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் உள்ள ஹோஸ்ட்டில் அந்தப் பதிப்பில் வேலை செய்யாது. அண்மையில் வாங்கிய சர்வர்களில் பெரும்பாலும் டிபிஎம் உண்டு, பாதுகாப்புக்காக அதை இயக்கி வைக்கச் சொன்னதும் விஎம்வேர்தான். பாஸ்த்ரூ, ஃபால்ட் டாலரன்ஸ் (வேறு ஹோஸ்ட்டில் இணையாக ஓடும் நகல்) உள்ள விஎம்-களுக்கும் பொருந்தாது. இதை நம்பி கிளஸ்டரில் ஒரு ஹோஸ்ட்டைக் குறைத்து வாங்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

காலி செய்யும் பழக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு 2025 மார்ச் 4 நல்ல உதாரணம். சிவிஇ-2025-22224 உட்பட மூன்று ஓட்டைகள் ஒரே அறிவிப்பில் வந்தன. ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தப்பட்டவை, மாற்று வழி ஏதும் இல்லை, பேட்ச் ஒன்றே தீர்வு. விஎம்-முக்குள் நிர்வாக உரிமை பெற்றவன் ஹோஸ்ட்டுக்குத் தாவ முடியும் என்ற வகை. மாதம் ஒருமுறை ஹோஸ்ட்டுகளைச் சுழற்றிப் பழகிய இடங்களுக்கு அது அந்த வாரத்து வேலையில் இன்னொன்று, அவ்வளவுதான்.

ஃபர்ம்வேர்: சொன்னது பாதி

விஎல்சிஎம்-மே ஃபர்ம்வேரையும் ஏற்றும் என்பது விளம்பரம். ஏற்றுவது அதுவல்ல, டெல், ஹெச்பிஇ, லெனோவோ தரும் ஹார்ட்வேர் சப்போர்ட் மேனேஜர் என்ற தனி மென்பொருள். டெல்லுக்கு ஓப்பன்மேனேஜ் எண்டர்பிரைஸ் இன்டக்ரேஷன், லெனோவோவுக்கு எக்ஸ்கிளாரிட்டி இன்டக்ரேட்டர். இதையும் நிறுவி, லைசென்ஸ் வாங்கி, ஒவ்வொரு சர்வரின் நிர்வாக போர்ட்டுக்கும் பாஸ்வேர்டு கொடுத்து, விசென்டரை மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் இதன் பொருத்தத்தைச் சரிபார்த்துப் பராமரிக்க வேண்டும். எட்டு பத்து ஒரே மாடல் சர்வர்கள் இருந்தால் மெனக்கெடலாம், டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒரே ரீபூட்டில் ஜோடியாக ஏறுவது பெரிய வசதி. மூன்று சர்வருக்கு இது வீண். மெயின்டனன்ஸ் மோடில் இருக்கும்போதே நிர்வாக போர்ட் வழியாகக் கையால் ஏற்றிவிடலாம். எப்படி ஏற்றினாலும் நெட்வொர்க் கார்டு, ஸ்டோரேஜ் கார்டுகளின் டிரைவர்-ஃபர்ம்வேர் ஜோடியை விஎம்வேரின் பொருத்தப் பட்டியலில் பார்க்காமல் ஏற்றக் கூடாது.

டிபிஎம் உள்ள ஹோஸ்ட்டுகளில் 7.0 அப்டேட் 2 முதல் ஹோஸ்ட்டின் அமைப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதற்கான மீட்புச் சாவியை ஃபர்ம்வேரைத் தொடும் முன் எடுத்து, அந்த கிளஸ்டருக்கு வெளியே பத்திரப்படுத்த வேண்டும். மதர்போர்டு மாற்றியபின் அந்தச் சாவி இல்லையென்றால் ஹோஸ்ட்டை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியதுதான்.

தப்பு நடந்தால்

ஈஎஸ்எக்ஸ்ஐ-யில் எனக்குப் பிடித்த விஷயம் இது. பூட் வட்டில் இரண்டு பூட்பேங்க் உண்டு. புதிய பதிப்பு ஒன்றில் ஏறும்போது பழையது மற்றதில் அப்படியே இருக்கும். எழுந்த ஹோஸ்ட்டில் நெட்வொர்க் வரவில்லை, ஊதாத் திரை (ஈஎஸ்எக்ஸ்ஐ முடங்கியதைக் காட்டும் திரை) விழுகிறது என்றால், மறுபடி ரீபூட் செய்து, ஏற்றம் தொடங்கும்போது ஷிஃப்ட்டோடு ஆர் அழுத்தினால் பழைய பதிப்பைக் காட்டிக் கேட்கும். ஷிஃப்ட்டோடு ஒய் அழுத்தினால் அதற்குத் திரும்பிவிடும். ஒரு படி மட்டுமே பின்னால் போகலாம். 6.x-லிருந்து 7-க்கு வந்தபோது வட்டின் பிரிவினையே மாறியதால் அந்தத் தாவலுக்கு இது உதவவில்லை. இமேஜ் முறையில் திரும்பிய ஹோஸ்ட் உடனே "நான்-கம்ப்ளையன்ட்" ஆகும், பரவாயில்லை. காரணம் தெரியும்வரை அப்படியே விடலாம். காரணம் பெரும்பாலும் ஹோஸ்ட்டின் ஈஎஸ்எக்ஸ்அப்டேட் லாக்கிலும் லைஃப்சைக்கிள் லாக்கிலும் கிடைக்கும்.

முதலில் ஒரே ஒரு ஹோஸ்ட்டுக்குப் போட்டு ஒரு வாரம் விடுங்கள் என்று சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. 7.0 அப்டேட் 3-ஐ விஎம்வேர் 2021 நவம்பரில் திரும்பப் பெற்றது, அதன் ஏ, பி திருத்தங்களோடு சேர்த்து. இன்டெல் நெட்வொர்க் கார்டுகளுக்கு இரண்டு பெயரில் இரண்டு டிரைவர் ஒரே ஹோஸ்ட்டில் சேர்ந்து மேம்படுத்தலையே முடக்கியது அதில் ஒரு குறை. சரிசெய்யப்பட்ட பதிப்பு 2022 ஜனவரி கடைசியில்தான் வந்தது. இமேஜ் முறையிலும் கிளஸ்டருக்குள் ஒரு ஹோஸ்ட்டை மட்டும் தேர்ந்து ரெமிடியேட் செய்யலாம். எழுந்தபின் பில்ட் எண், எல்லா நெட்வொர்க் போர்ட்டும் இணைப்பில் உள்ளதா, ஸ்டோரேஜ் பாதைகளின் எண்ணிக்கை முன்பிருந்ததுதானா, நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, முக்கியமில்லாத ஒரு விஎம்-மை அங்கே நகர்த்தித் திரும்பக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். செக்யூர் பூட் இயக்கிய ஹோஸ்ட்டுகளில் கையொப்பமில்லாத பழைய விப் ஒன்று இருந்தாலே பூட் நின்றுவிடும் என்பதும் இந்த முதல் ஹோஸ்ட்டில் வெளிப்படட்டும்.

இன்னும் எஸ்டி கார்டிலோ யுஎஸ்பி-யிலோ பூட் ஆகும் ஹோஸ்ட் இருந்தால், பேட்ச்சுக்கு முன் அதை மாற்றுவது முக்கியம். 7 முதல் பூட் வட்டில் எழுதும் வேலை பெருகிவிட்டது, கார்டுகள் தாங்குவதில்லை. கண்ணாடிப் பிரதியாக இணைத்த இரண்டு எம்.2 வட்டுகள், குறைந்தது 32 ஜிபி.

யாருக்கு ஆகும்

லைசென்ஸ் இப்போது சந்தா மட்டுமே, ஒரு சிபியு-வுக்குக் குறைந்தது 16 கோர் கணக்கு. பழைய நிரந்தர லைசென்ஸ் வைத்து ஆதரவைப் புதுப்பிக்காதவர்களுக்கு, ஆதரவில் உள்ள பதிப்புகளின் மிகக் கடுமையான ஓட்டைகளுக்கு மட்டும் பேட்ச் தருவதாக பிராட்காம் 2024 ஏப்ரலில் சொன்னது. 7-ல் தங்கிவிட்டவர்கள் அதை நம்பி இருக்க முடியாது.

டிஆர்எஸ் உள்ள லைசென்ஸ், ஒரே தயாரிப்பாளரின் சர்வர்கள், நாலு ஹோஸ்ட்டுக்கு மேல் என்றால் விஎல்சிஎம்-மைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம். மாற்றுகளில், மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி-யின் கிளஸ்டர் அவேர் அப்டேட்டிங் 2012 முதல் இதே காலி செய்து-ரீபூட் செய்து-திருப்பும் வேலையைக் கூடுதல் விலையில்லாமல் செய்கிறது. விண்டோஸ் சர்வர் 2025-ல் ரீபூட் இல்லாத ஹாட்பேட்ச் ஒரு கோருக்கு மாதம் ஒன்றரை டாலர், அதிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீபூட் உண்டு. டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸில் கிளஸ்டர் முழுவதற்கும் ஒரே பட்டன் இல்லை. ஒவ்வொரு நோடாக மெயின்டனன்ஸில் போட்டு டெபியன் பாணியில் புதுப்பிக்க வேண்டும். நிதானமாக நடக்கும், என்ன நடக்கிறது என்று கண்ணுக்கும் தெரியும்.

ஒற்றை ஹோஸ்ட், அதிலேயே விசென்டரும் ஓடுகிறது என்றால் விஎல்சிஎம் வேண்டாம், அது தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு பேட்ச் போட முடியாது. ஜிப்பை டேட்டாஸ்டோரில் ஏற்றி, விஎம்-களை நிறுத்தி, கமாண்ட் லைனில் ப்ரொஃபைல் அப்டேட் கொடுக்க வேண்டும். கோப்பின் பாதையை முழுதாகத் தர வேண்டும், பாதிப் பாதை கொடுத்தால் கிடைக்கவில்லை என்று சொல்லும். ப்ரொஃபைல் இன்ஸ்டால் என்று கொடுத்துவிடக் கூடாது. அது தயாரிப்பாளரின் டிரைவர்களையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

இன்னும் பேஸ்லைனில் இருக்கும் கிளஸ்டர்களை 8-ல் இருக்கும்போதே இமேஜுக்கு மாற்றிவிட வேண்டும். 2025 ஜூனில் வந்த 9-ம் பதிப்பு ஹோஸ்ட்டுகளை பேஸ்லைன் வழியாக நிர்வகிக்க முடியாது. 9-ல் பல பழைய ஸ்டோரேஜ், நெட்வொர்க் கார்டுகளுக்கு டிரைவரும் எடுக்கப்பட்டுவிட்டது. கார்டின் வென்டர் எண், டிவைஸ் எண் இரண்டையும் ஹோஸ்ட்டிலிருந்து எடுத்து, நீக்கப்பட்டவற்றின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே இமேஜில் 9 என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.